ஆபத்துக் காலத்துக்கு வீட்டில் உணவுச் சேமநிதி

நம் சங்கங்களின் அங்கத்தினர்களுக்குச் சேமநிதி என்னும் சொல் புதியதன்று. சங்கத்தின் நிகர லாபத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சேமநிதியில் சேர்த்த பின்னரே மிச்சத்தைப் பங்கிட வேண்டும் என்பது சட்டம். லாபம் வந்த வருஷத்தில் இது சிலருக்குக் கசப்பாயிருக்கும். நஷ்டம் வந்த வருஷத்தில்தான் அதன் அருமை விளங்கும். சங்கத்தின் பெட்டிக்கு நாம் செய்யும் இந்த ஏற்பாட்டை நம் வீட்டு அடுக்களைக்குச் செய்திருக்கிறோமா என்பதே இப்பாடத்தின் கேள்வி.

சென்ற ஆண்டுகளில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் தணிக்கைக்குச் சென்ற இடங்களில் எல்லாம் இதைப் பற்றி அங்கத்தினர்களுடன் பேசியிருக்கிறேன். ஒரு சங்கத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "இன்ஸ்பெக்டர் ஐயா, ரேஷன் கடையில் மாதந்தோறும் அரிசி கொடுக்கிறார்கள். தெருவுக்கு ஒரு மளிகைக்கடை இருக்கிறது. குலுக்கை கட்டித் தானியம் வைத்த காலம் போய்விட்டதே!" என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. நம் ராஜ்யத்தில் 2011ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் ரேஷன் அரிசி விலையின்றியே வழங்கப்பட்டு வருகிறது. ஆயினும் அவரிடம் நான் கேட்டது ஒன்றே: "பெரியவரே, தங்கள் தெருவுக்கும் அக்கடைக்கும் நடுவே ஓடை இருக்கிறதல்லவா? ஓடை நிறைந்த அன்று தாங்கள் கடைக்குப் போவது எப்படி? கடைக்கு லாரி வருவது எப்படி?" அவர் சற்று யோசித்து, "மூன்று நாளைக்குத் தாங்கும் ஐயா, குழந்தைகள்தான் தாங்கமாட்டார்கள்" என்றார். அந்த மூன்று நாளைக் குறித்தே இங்கு எழுதுகிறேன்.

1. ஆபத்து எவ்வாறு வருகிறது

நம் தாலுகாக்கள் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளவை. மலையில் பெய்யும் மழை நம் ஊரில் ஒரு துளி விழாத போதும் காட்டாற்றில் இறங்கிவிடும். சதுரகிரி மலைக்குச் சென்ற யாத்திரிகர்கள் சிலர் 2015ஆம் வருஷம் மே மாதத்தில் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்ததை வத்திராயிருப்பு வட்டாரத்தார் மறந்திரார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கண்மாய் உடைந்தாலும், தரைப்பாலம் மூழ்கினாலும், சிற்றூர்கள் ஓரிரு நாள் தனித்து நிற்க நேரும்.

இதைவிடப் பெரிய உதாரணம் நமக்குத் தெற்கே நிகழ்ந்தது. 2023ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி ஜில்லாக்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இது நம் விருதுநகர் ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்வதற்கும் மேற்பட்ட அளவாகும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், இருப்புப்பாதை அரிக்கப்பட்டதனால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. அதிலிருந்த சுமார் 800 பிரயாணிகள் 19ஆம் தேதி வரை அங்கே அகப்பட்டுக் கொண்டனர். அவர்களுக்கு ஹெலிகாப்டரினின்று உணவுப் பொட்டலங்கள் வந்து விழுமுன்பே, பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார் சமைத்து உணவு கொடுத்துவிட்டார்கள். சர்க்கார் உதவி வரும். ஆயின் முதல் நாளில் வரும் உதவி அயலாரின் அடுக்களையிலிருந்து வருவதே. அந்த அடுக்களையில் அரிசி இருந்தால்தான் அது நடக்கும்.

வெள்ளம் ஒன்றே ஆபத்தன்று. 2020ஆம் வருஷம் மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவு முதல் தேசம் முழுவதும் நடமாட்டம் நிறுத்தப்பட்டது. மாத முதலில் சாமான் வாங்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் அது மாதக் கடைசி. பானையில் இருந்ததை வைத்துச் சமாளித்தவர் சிலர். வெறும் பானையுடன் விழித்தவர் பலர்.

2. முன்னோர் கற்ற பாடம்

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டன்மார் தம் பாட்டன்மாரிடம் கேட்டிருப்பார்கள். அப்பஞ்சமும் அதன்பின் வந்தவைகளும், விவசாயி கையில் தானியமும் இல்லை, நியாயமான வட்டிக்குக் கடனும் இல்லை என்பதை வெட்டவெளிச்சமாக்கின. 1901ஆம் வருஷத்துப் பஞ்ச விசாரணைக் கமிஷன், கிராமத்தார் ஒருவருக்கொருவர் உதவும் நாணய சங்கங்கள் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. சென்னை ராஜதானியில் சர் பிரெடரிக் நிக்கல்ஸன் அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே இவ்விஷயத்தை ஆராய்ந்து விரிவான அறிக்கை கொடுத்திருந்தார். 1904ஆம் வருஷத்தில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது. ஆகவே நம் சங்கங்கள் பஞ்சத்தின் அனுபவத்தில் முளைத்தவை. உணவைச் சேமிப்பது நமக்குப் புறம்பான விஷயமென்று ஒரு சங்கத்தாரும் சொல்லலாகாது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது; பங்கீடு வந்தது. ராஜபாளையத்தில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள் 1949 முதல் 1952 வரை மாகாண அரசுக்குத் தலைமை வகித்த காலத்திலும் உணவுக் கட்டுப்பாடு நீடித்தது. 1952இல் ராஜாஜி அவர்கள் முதன் மந்திரியான பின்னரே அது நீக்கப்பட்டது. அக்காலத்தில் கரிசல் காட்டு வீடுகளில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் குலுக்கையில் இருந்தன. இன்று குலுக்கை பல வீடுகளில் இல்லை. அதன் இடத்துக்கு வேறொன்றும் வரவுமில்லை.

3. 'வெகுகாலம் கெடாதது' என்பதன் பொருள்

இப்பொழுது கடைகளில் உறையிலிட்ட ஆயத்த உணவுகள் கிடைக்கின்றன. இவற்றின் மூலம் சுமார் 200 வருஷங்களுக்கு முற்பட்டது. பிரெஞ்சுக்காரரான நிக்கோலாஸ் அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, வாயை இறுக மூடி, வெந்நீரில் நெடுநேரம் வேகவைத்தால் கெடுவதில்லை என்று கண்டு, 1810இல் தம் சர்க்காரிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். ஏன் கெடுவதில்லை என்பது அவருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே உணவைக் கெடுக்கின்றன என்பதைச் சுமார் 50 வருஷங்களுக்குப் பின் பாஸ்டர் என்னும் விஞ்ஞானி விளக்கினார். இக்காலத்து ஆலைகளில் உறையிலிட்ட உணவை அழுத்தத்தின் கீழ் சுமார் 121 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேற்றிக் கிருமிகளைக் கொல்லுகிறார்கள். நம் தேசத்துச் சிப்பாய்களுக்காக இம்முறையில் புலவு முதலியவற்றை ஆயத்தம் செய்யும் வழிகளை, 1961இல் மைசூரில் தொடங்கப்பட்ட ராணுவ உணவு ஆராய்ச்சிச் சாலை வகுத்தது.

இவ்வுறைகளைக் கண்டு மயங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். அமெரிக்க ராணுவத்தார் தம் ஆயத்த உணவுப் பொதிக்கு விதித்திருக்கும் அளவுப்படி, அது 80 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது சுமார் 27 டிகிரி சென்டிகிரேட்டில், மூன்று வருஷம் கெடாதிருக்க வேண்டும். அதே பொதி 100 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது சுமார் 38 டிகிரி சென்டிகிரேட்டில், ஆறு மாதம் தாங்கினால் போதும். சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயில் 38 டிகிரியைத் தொடுவது சகஜம். தகரக் கூரையின் கீழுள்ள பரணில் அதற்கும் மேல். குளிர்ந்த அறையில் மூன்று வருஷம் நிற்கும் பொருள் நம் பரணில் அரை வருஷத்துக்குள் தவணை தவறிவிடும். உறையின் மேல் அச்சிட்ட தேதி, உறை இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

இதை நான் என் சொந்த நஷ்டத்தில் கற்றேன். சில வருஷங்களுக்கு முன் நான் குடியிருந்த வீட்டில், ஆபத்துக்கு உதவுமென்று உறையிலிட்ட உணவுகளும் பலகாரங்களும் வாங்கித் தகரக் கூரையின் அடியிலிருந்த பரணில் வைத்தேன். கோடை கழிந்தது. கார்த்திகை மழையில் ஒரு நாள் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், மின்சாரமும் இல்லை. பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால், பலகாரத்தில் எண்ணெய்ச் சிக்கு வாடை; உறைகளில் பாதியை எலி கடித்திருந்தது; மீதியில் இரண்டு உப்பியிருந்தன. அன்றிரவு வீட்டிலிருந்த குழந்தைகளுக்கு உதவியது என் தாயார் தரையோரத்தில் எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்த அவலும் கருப்பட்டியுமே. நான் வாங்கியதற்குக் கணக்கு எழுதியிருந்தேன், பார்வையிடத்தான் தவறினேன். மற்றவர் இருப்பைத் தணிக்கை செய்யும் எனக்கு அது தக்க பாடமாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அறியாதவர் இல்லை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்ப்பதனால் அது பாலைவிட அதிக நாள் நிற்கிறது. ஆயினும் அதில் ஈரம் இருப்பதால் சில நாட்களுக்கு மேல் வைக்கலாகாது. பாலைப் பால்கோவாவாக்கியவர் சில நாள் சம்பாதித்தார். நெல்லை உலர்த்தியவர் ஒரு வருஷம் சம்பாதித்தார். நீடித்து நிற்பதற்கு முதற்காரணம் ஈரமின்மை, அடுத்தது குளிர்ச்சி, அதற்கடுத்தது காற்றும் பூச்சியும் புகாமை. இம்மூன்றையும் நினைவில் வைத்தால் எந்தப் பண்டத்தையும் எப்படி வைப்பது என்று தாமே தீர்மானிக்கலாம்.

4. அடுப்பில்லாமல் உண்ணத்தக்க மூன்று நாள் உணவு

வெள்ளத்தில் விறகு நனையும். காஸ் சிலிண்டர் வராது. ஆகையால் முதல் மூன்று நாளைக்குச் சமைக்காமல் உண்ணக் கூடியதே வேண்டும். ஆபத்துக் காலத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 2,100 கலோரி உணவு வேண்டுமென்று சர்வதேச நிவாரண ஸ்தாபனங்கள் கணக்கிடுகின்றன. நம் ஊரில் எளிதில் கிடைக்கும் பொருள்களால் அதை நிரப்பலாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு:

அவல் — 250 கிராம்
பொரிகடலை — 150 கிராம்
நிலக்கடலை வறுத்தது — 75 கிராம்
வெல்லம் அல்லது கருப்பட்டி — 75 கிராம்

ஆக 550 கிராம். இதில் சுமார் 2,100 கலோரி உண்டு. கடலைகளால் புரதமும் வேண்டிய அளவு கிடைக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு அவல் 3¾ கிலோ, பொரிகடலை 2¼ கிலோ, நிலக்கடலை, வெல்லம் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். மொத்தம் 8¼ கிலோ. வாய் இறுக மூடும் இரண்டு டப்பாக்களில் இது அடங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வெல்லத்தை நீக்கிப் பொரிகடலையை அதிகப்படுத்துக. பல் இல்லாத முதியோருக்குக் கடலைகளைப் பொடித்து வைக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே உத்தமம். கலங்கிய தண்ணீரில் கரைத்த பால்மாவு வெள்ளக் காலத்தில் பேதிக்கு வழி.

தண்ணீர் உணவினும் முந்தியது. குடிக்கவும் ஊறவைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர். அதாவது 15 லிட்டர்க் குடம் மூன்று. மழை எச்சரிக்கை கேட்டவுடன் இவற்றை நிரப்பி மூடிவிடுக. சந்தேகமான தண்ணீரைத் தெளியவைத்து வடிகட்டி, நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிஷம் கொதிக்க விட வேண்டும். அடுப்பில்லையேல் சுகாதார இலாகாவார் தரும் குளோரின் மாத்திரையை அவர்கள் சொன்ன அளவில் இடுக. பேதி கண்டால் ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் தலைதட்டிய ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி கொடுத்து வர வேண்டும். இங்கே சிறு கரண்டி என்பது தேநீர்க் கரண்டி.

இவற்றுடன் ஒரு வாரத்துக்குரிய மருந்துகள், தீப்பெட்டி, கைவிளக்கு, சத்திரப்பட்டியில் நெய்யும் காயத்துணி ஒரு சுருள், ரேஷன் கார்டின் நகல், சங்கப் பாஸ் புத்தகம் ஆகியவற்றை ஈரம் புகாத உறையிலிட்டு ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.

5. பதினைந்து நாள் தானியம்

மூன்று நாளைக்குப் பின் அடுப்பு எரியும். கடை திறக்கத் தாமதமாகலாம். ஐந்து பேருக்குப் பதினைந்து நாளைக்கு அரிசி 30 கிலோ, பருப்பு 4½ கிலோ, எண்ணெய் 2¼ லிட்டர், உப்பு 1 கிலோ, புளி, மிளகாய், வற்றல் வகைகள் போதும். புழுங்கல் அரிசி நன்கு நிற்கும். கைக்குத்தல் அரிசியில் தவிட்டின் எண்ணெய் உள்ளதால் சில மாதங்களில் சிக்கு வாடை வரும். அதைச் சிறிது சிறிதாகவே வாங்குக. கேழ்வரகு, தோல் நீக்காத குதிரைவாலி முதலியன அரிசியைவிட நெடுநாள் நிற்பவை.

தானியம் காய்ந்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் தானியத்தையும் வறுத்து ஆறிய உப்பையும் இட்டுக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் தானியத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஈரம் உண்டு. இன்னும் வெயில் வேண்டும். ஒட்டாமல் உதிர்ந்தால் வைக்கலாம். காயவைத்ததைச் சூடு ஆறிய பின்னரே அடைக்க வேண்டும். சுடச்சுட அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சைக் காளான் பிடிக்கும்.

வண்டின் முட்டை வயலிலிருந்தே தானியத்துடன் வருவதுண்டு. பாத்திரத்தைக் கழுத்துவரை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடினால், உள்ளே எஞ்சிய காற்றை வண்டுகளே தீர்த்துவிட்டு மடியும். அரைப்பாத்திரமாய் வைத்தால் அவற்றுக்குக் காற்று தாராளமாகும். துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்துவதும், பருப்புக்குச் சிறிது சமையல் எண்ணெய் புரட்டுவதும் நம் பெண்மணிகள் அறிந்த நல்ல முறைகள்.

இரண்டு எச்சரிக்கைகள். கிடங்குகளில் உபயோகிக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எக்காரணத்தாலும் வீட்டில் வைக்கலாகாது. அதிலிருந்து எழும் நச்சு வாயு உறங்குபவரைக் கொன்றுவிடும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தாலும் விஷம் போகாது. அதை மாட்டுக்கும் இடலாகாது. உப்பிய டப்பாவையும் உறையையும் திறந்து சுவைத்துப் பார்க்க முயலாமல் குழிதோண்டிப் புதைத்துவிடுக.

6. இருப்பும் கணக்கும்

வாங்கி வைத்தலோடு வேலை முடிந்ததென்று எண்ணுவதே பெரும் பிழை. முன் வந்தது முன் செல்ல வேண்டும். புரட்டாசி, மார்கழி, பங்குனி, ஆனி ஆகிய நான்கு மாதக் கடைசியிலும் டப்பாவைத் திறந்து, உள்ளதை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டு, புதியதை நிரப்புக. இப்படிச் செய்தால் ஒரு பிடி அவலும் வீணாகாது, செலவும் அதிகமில்லை. எப்படியும் உண்ணப் போகும் பண்டத்தை மூன்று மாதம் முன்னதாக வாங்குகிறோம், அவ்வளவே. டப்பாவின் மேல் நிரப்பிய தேதியையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுக. வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் இவ்வேலையை ஒப்புவித்தால் அது மறப்பதில்லை. டப்பா தரையிலிருந்து முழ உயரத்தில், சுவரை ஒட்டாமல், அடுப்புக்கும் கூரைக்கும் தூரமாக இருக்க வேண்டும். தாழ்ந்த தெருவிலுள்ளவர் வெள்ளக் குறி கண்டவுடன் அதை மேலே ஏற்ற வேண்டும்.

7. சங்கம் செய்யத்தக்கது

8¼ கிலோ பண்டத்தை முன்னதாக வாங்கி வைக்கவும் முடியாத குடும்பங்கள் நம் சங்கங்களில் உண்டு. நாள் கூலியில் அன்றன்று அரிசி வாங்குபவருக்குச் சேமிப்பு உபதேசம் மாத்திரம் போதாது. அறுவடையின்போது ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு மரக்கால் தானியம் செலுத்தி, அதைச் சங்கம் பொதுக் குதிரில் வைத்து, நெருக்கடியில் கடனாகக் கொடுத்து, அடுத்த அறுவடையில் திரும்பப் பெறும் தானிய பாங்கி முறை பழையது. அதைப் புதுப்பிக்கலாம். டப்பாக்களையும் அவலையும் மொத்தமாக வாங்கிச் சில தவணைகளில் பணம் வசூலிக்கலாம். தவணை கட்டாத வீடு எது என்று பஞ்சாயத்தாருக்குத் தெரிவது போல, வெள்ளத்தில் முதலில் பார்க்க வேண்டிய வீடு எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

(1) நம் ஊர் தனித்துப் போகக்கூடிய பாலம் அல்லது ஓடை எது? எத்தனை நாள் தனித்து நிற்க நேரும்?
(2) இன்றிரவே வழி அடைபட்டால், நம் அங்கத்தினர்களில் எத்தனை வீட்டில் மூன்று நாள் உணவு இருக்கிறது?
(3) சமைக்க முடியாத முதியோரும் கைக்குழந்தையுள்ள தாய்மாரும் எவ்வீடுகளில் இருக்கின்றனர்? அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது?
(4) தானிய பாங்கிக்கு ஈரம் புகாத இடம் நம் ஊரில் எங்குள்ளது?

அடுத்த தணிக்கையின்போது சங்கத்தின் ரொக்க இருப்பைப் பார்ப்பதற்கு முன், காரியதரிசியின் வீட்டு அவல் டப்பாவைப் பார்க்கலாமென்று எண்ணியிருக்கிறேன். அதன் மேலுள்ள சீட்டில் தேதி இருக்க வேண்டும்.